தமிழ்நாட்டில் தக்காளிப் பயிர் மேம்பாடு

தக்காளிப் பயிர் மேம்பாடு என்பது விளைச்சல், பழத்தின் தரம், நோய் தாங்கும் திறன் ஆகியவற்றை உயர்த்தும் நோக்கில் புதிய தக்காளி இரகங்களை உருவாக்கும் பணி ஆகும். தமிழ்நாட்டில் இப்பணி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோயம்புத்தூர், பெரியகுளம், பையூர் ஆகிய மையங்களில் நடைபெற்றுள்ளது. பையூர் தற்போது கிருட்டிணகிரி மாவட்டத்தில் உள்ளது. 1965 வரை இது சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது.

வேளாண் சூழல்

சேலம் மாவட்டத்தின் மேச்சேரி, வாழப்பாடி, தலைவாசல் வட்டாரங்களிலும், 1997 இல் அதிலிருந்து பிரிக்கப்பட்ட நாமக்கல் மாவட்டத்தின் இராசிபுரம் வட்டாரத்திலும் தக்காளி பயிரிடப்படுகிறது. இச்சமவெளியில் மழை குறைவு; கோடை வெப்பம் மிகுதி. பகல் வெப்பநிலை 35 பாகை செல்சியசைத் தாண்டும்போது மகரந்தத்தின் உயிர்ப்புத் திறன் குறைந்து, பூக்கள் காய் பிடிக்காமல் உதிர்கின்றன. கோடையில் பெருகும் வெள்ளை ஈக்கள் இலைச்சுருள் நச்சுயிரியைப் பரப்புகின்றன. இளம் பருவத்தில் இந்நோய் தாக்கிய செடியில் விளைச்சல் ஏறக்குறைய முற்றிலும் இழக்கப்படும்.

இரகங்கள்

தக்காளி பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கை நிகழும் பயிராகும். எனவே ஓர் இரகத்தின் விதையை விவசாயியே எடுத்து மீண்டும் விதைத்தாலும் பண்புகள் பெரிதும் மாறுவதில்லை.

கோ 3: மருதம் எனவும் அழைக்கப்படும். கோ 1 இரகத்தில் தூண்டப்பட்ட சடுதிமாற்றத்தால் பெறப்பட்டது. நெருக்கி நடுவதற்கு ஏற்றது.

பி.கே.எம். 1: பெரியகுளத்தில் உருவாக்கப்பட்டது. அண்ணாஞ்சி என்னும் உள்ளூர் வகையின் சடுதிமாற்ற இரகம். பழம் தட்டையான உருண்டை வடிவம் கொண்டது.

பையூர் 1: பூசா ரூபி, கோ 3 ஆகியவற்றின் கலப்பிலிருந்து தேர்வு செய்யப்பட்டது. மானாவாரிக்கு ஏற்றது; எக்டருக்கு ஏறக்குறைய 30 டன் விளையும்.

வீரிய ஒட்டு இரகங்கள்

இரு வேறு பெற்றோர் வழிகளைக் கலந்து பெறும் முதல் தலைமுறை விதையே வீரிய ஒட்டு விதை ஆகும். பெண் பெற்றோரின் மொட்டு விரிவதற்கு முன்பே அதன் மகரந்தப் பைகளைக் கையால் நீக்கி, மற்றதன் மகரந்தத்தைச் சூல்முடியில் தடவுவர். ஒவ்வொரு பூவிலும் இவ்வாறு செய்ய வேண்டியிருப்பதால் விதையின் விலை உயர்கிறது.

பல்கலைக்கழகம் வெளியிட்ட வீரிய ஒட்டு இரகங்களின் விளைச்சல் எக்டருக்கு 90 டன் அளவை எட்டும் எனக் கூறப்படுகிறது. இலைச்சுருள் நோயைத் தாங்கும் மரபணுக்கள் காட்டு இனங்களிலிருந்து பெறப்பட்டவை. அவற்றுள் டி.ஒய். 2 என்பது பெரு, ஈக்குவடோர் நாடுகளில் வளரும் சொலானம் ஆப்ரோகைட்டசு இனத்திலிருந்து கிடைத்ததாகும். பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா ரக்சக், இலைச்சுருள், பாக்டீரிய வாடல், முன்பருவ இலைக்கருகல் ஆகிய மூன்றையும் தாங்கும்.

தரமும் விளைச்சலும்

விளைச்சல் மிகும்போது பழத்தின் கரையும் திடப்பொருள், குறிப்பாகச் சர்க்கரை, குறையும் போக்கு உண்டு. எனவே இரண்டையும் ஒருங்கே உயர்த்துவது கடினம். சந்தையில் இவ்வேறுபாடு பெயரிலேயே காணப்படுகிறது. சாறும் புளிப்பும் மிகுந்தது நாட்டுத் தக்காளி எனவும், சதை கெட்டியாக, நெடுந்தொலைவு அனுப்ப ஏற்றது பெங்களூர்த் தக்காளி அல்லது ஆப்பிள் தக்காளி எனவும் விற்கப்படுகின்றன.

வீரிய ஒட்டுச் செடியின் பழத்திலிருந்து எடுக்கும் விதையில் பண்புகள் பிரிந்துவிடுவதால் ஒவ்வொரு பருவமும் புதிய விதை வாங்க வேண்டும். விலை வீழ்ச்சியுறும் பருவத்தில் பறிப்புக் கூலியே கிடைக்காத நிலையும் ஏற்படுவதுண்டு. அப்போது விதைச் செலவு விவசாயியின் இழப்பைக் கூட்டுகிறது. ஆகவே பாசன வசதி குறைந்த நிலங்களுக்கு, விதையைச் சேமித்துக்கொள்ளத்தக்க இரகங்கள் இன்றும் முக்கியத்துவம் உடையவையாகும்.