ஸ்கீமா போட்டால் கூகுளில் முதலிடம் கிடைக்குமா? ஒரு சிறு வரலாறு

"உங்கள் கடையின் இணையத்தளத்துக்கு ஸ்கீமா போட்டுத் தருகிறோம், கூகுளில் முதலிடத்துக்கு வந்துவிடும்" என்ற பேச்சு இப்போது எமது பக்கங்களிலும் அடிபடுகிறது. காசைக் கொடுக்க முன் இதன் வரலாற்றை நாம் தெரிந்துகொள்வது நல்லது.

1990களில் ஓர் இணையப் பக்கம் எதைப் பற்றியது என்பதை அதை ஆக்கியவரே எழுதி வைக்க ஓர் இடம் இருந்தது. அதுதான் வாசகரின் கண்ணுக்குத் தெரியாத 'மெட்டா கீவேர்ட்ஸ்' வரி. அன்றைய தேடுபொறிகள் சில அதை நம்பின. விளைவு என்ன? பக்கத்துக்குச் சம்பந்தமே இல்லாத சொற்களை அள்ளிக் கொட்டினார்கள். தன் சரக்கைத் தானே புகழக் காசு செலவில்லையே!

1998 இல் லாரி பேஜும் சேர்ஜி பிரினும் தொடங்கிய கூகுள் வேறு வழியில் போனது. ஒரு பக்கம் தன்னைப் பற்றிச் சொல்வதோடு நிற்காமல், வேறு எந்தெந்தப் பக்கங்கள் அதற்கு இணைப்புக் கொடுத்துள்ளன என்றும் பார்த்தது. அதாவது அடுத்தவரின் சாட்சியைக் கேட்டது. கீவேர்ட்ஸ் வரியைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று 2009 செப்டெம்பரில் பகிரங்கமாகவே அறிவித்தது.

அதே 2009 மே மாதத்தில் கூகுள் இன்னொரு கதவைத் திறந்திருந்தது. தேடல் முடிவிலேயே நட்சத்திர மதிப்பீடு, விலை போன்றவற்றைக் காட்டும் 'ரிச் ஸ்னிப்பெட்' அது. இதற்கு "இது விலை, இது மதிப்பீடு" என்று இயந்திரத்துக்கு விளங்கும்படி பக்கத்தில் குறி இட வேண்டும். அந்தக் குறிகளுக்கான பொது அகராதியாக 2011 ஜூனில் கூகுள், பிங், யாஹூ மூன்றும் சேர்ந்து ஸ்கீமாவை வெளியிட்டன. அவ்வருடமே ரஷ்யாவின் யாண்டெக்ஸும் சேர்ந்துகொண்டது.

அப்படியானால் ஸ்கீமா தரவரிசையை உயர்த்துமா? கூகுள் தரப்பின் பதில்: அது பொதுவான தரவரிசைக் காரணி அல்ல. விடைத்தாளில் கேள்வி இலக்கத்தைத் தெளிவாக எழுதுவது போன்றது இது. எது எந்தக் கேள்விக்கான விடை என்று திருத்துபவருக்கு விளங்கும். ஆனால் இலக்கத்துக்காக யாரும் புள்ளி போடுவதில்லை.

பயன் இல்லாமலும் இல்லை. நட்சத்திரமும் விலையும் தெரியும் முடிவு கண்ணில் படும், ஆட்கள் அதை அழுத்தவும் கூடும். பொய்யான குறி இட்டால் அந்த அலங்காரத்தைக் கூகுள் பறித்துவிடும்.

பொய் சொல்லாதவர்களிடமிருந்தும் அது பறிபோகலாம். 2011 இல் வந்த எழுத்தாளர் குறியைக் கூகுள் 2014 இல் கைவிட்டது. கேள்வி-பதில் குறியால் கிடைத்த தோற்றத்தை 2023 ஓகஸ்டில் பெரும்பாலான தளங்களுக்கு நிறுத்தி, பெயர்பெற்ற அரச, சுகாதாரத் தளங்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. அதை நம்பிக் காசு செலவழித்தவர்களுக்கு அது பெரிய பாடம்.

ஆகவே முதலில் கடையின் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம், திறக்கும் நேரம் எல்லாம் சரியாக இருக்கட்டும். வாடிக்கையாளர் தேடி வரும் தகவல் பக்கத்தில் இருக்கட்டும். அதன் பிறகு ஸ்கீமா போடுவதில் தவறில்லை. போட்டுத் தருபவரிடம் "இதனால் தேடலில் எந்தத் தோற்றம் கிடைக்கும்?" என்று கேளுங்கள். "முதலிடம் நிச்சயம்" என்று பதில் வந்தால் விலகிக்கொள்ளுங்கள். கூகுளில் முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது.