தலைக்கணக்கும் தன்மானமும்

ஒரு நாட்டின் மக்கள் தொகையை இயக்கும் ஆற்றல்கள் மூன்று. அவை பிறப்பு, இறப்பு, இடப்பெயர்ச்சி என்பன. இவற்றைத் தேர்வுக்குரிய பாடமாக மட்டும் எண்ணிவிடலாகாது. நம் பாட்டன், பூட்டன் வாழ்க்கை இம்மூன்றனுள் அடங்கியிருக்கிறது.

முதலில் இறப்பைக் காண்போம். சென்னை மாகாணத்தில் 1871இல் குடிமதிப்பு எடுக்கப்பெற்றது. 1881இல் மீண்டும் எண்ணியபோது தொகை வளரவில்லை, சற்றே குறைந்திருந்தது. இடையில் 1876 முதல் 1878 வரை தாண்டவமாடிய தாது வருடப் பஞ்சமே காரணம். நிலமும் களஞ்சியமும் இல்லாத கூலி மக்களே அதற்கு முதல் இரையாயினர். பின்னர் 1918இல் பரவிய இன்புளூயன்சாக் காய்ச்சலால், 1911இல் 25.2 கோடியாக இருந்த இந்திய மக்கள் தொகை 1921இல் 25.1 கோடியாயிற்று. அதன்பின் கொள்ளைநோய்ச் சாவுகள் குறையக் குறையத் தொகை ஏறி, 2011இல் 121 கோடியை எட்டிற்று.

அடுத்தது இடப்பெயர்ச்சி. பஞ்சத்துக்கும் பண்ணையடிமைக்கும் தப்பியோர் இலங்கைக்கும் மலேயாவுக்கும் பர்மாவுக்கும் கப்பலேறினர். வட ஆற்காட்டினின்று பல குடும்பங்கள் கோலார் தங்கவயலுக்குச் சென்றன. சுரங்க வேலை உயிருக்கு உலைவைக்கும் வேலையே. ஆயினும் அங்கே கையில் ரொக்கக் கூலி கிடைத்தது. நிமிர்ந்து நடக்கத் தெரு கிடைத்தது. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் அவ்வயலில் வேரூன்றியது தற்செயலன்று. 2001இல் சுரங்கம் மூடப்பட்டபின் அவர்தம் பிள்ளைகள் பெங்களூருக்கு நாள்தோறும் இரயிலேறலாயினர்.

மூன்றாவது பிறப்பு. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளைப்பேறு 1.8 என 2019-21 குடும்பநல ஆய்வு காட்டிற்று. பிறந்த குழந்தை பிழைக்கும் என்னும் நம்பிக்கையும் பெண் கல்வியும் தந்த மாற்றம் இது.

இனி, எண்ணுதல் என்பதே ஓர் உரிமைப் போராட்டமாயிருந்தது. 1922இல் எம்.சி. ராஜாவின் முயற்சியால் சென்னை அரசு ஆதிதிராவிடர் என்னும் பெயரை ஏற்றது. 1932இல் லோதியன் குழுவின் முன், தங்கள் மாகாணத்தில் தீண்டத்தகாதார் மிகச் சிலரே என்று வாதிட்டோர் உண்டு. எண்ணிக்கை குறைந்தால் இடமும் குறையும் என்பதை அறிந்து அதை எதிர்த்தவர் அண்ணல் அம்பேத்கர். இன்றும் சட்டமன்றத் தனித்தொகுதிகள் மக்கள் தொகை விகிதப்படியே அமைகின்றன. தமிழ்நாட்டில் 2011இல் பட்டியல் சாதியினர் 1 கோடியே 44 இலட்சம், நூற்றுக்கு இருபதின்மர்.

2011இல் யான் கணக்கெடுப்பாளனாக ஒரு நகர வீட்டுக்குச் சென்றேன். நம்மவர் வீடே அது. சாதிப் பெயர் கேட்டதும், படித்து வேலையிலிருந்த மகன், “அதெல்லாம் எழுத வேண்டாம் சார்” என்றார். திண்ணையிலிருந்த தகப்பனார், “எழுதுங்க ஐயா, பேரு இல்லாமத்தான் இத்தன காலம் கெட்டோம்” என்றார். மகன் தலைகுனிந்தார். அப்பெயரை எழுதினேன்.

இந்தியா முழுவதிலும் பட்டியல் சாதியினரிடையே எழுத்தறிவு 1961இல் நூற்றுக்குப் பத்து, 2011இல் அறுபத்தாறு. ஏறியது உண்மை, எஞ்சியதும் உண்மை.

இளைஞர்களே! கணக்கெடுப்பாளர் வாயிலில் நிற்கும்போது நாணாதீர். உள்ளது உள்ளபடி உரைப்பீர். பள்ளிக்குச் செல்லாத பிள்ளை நம் தெருவில் ஒன்றேனும் உண்டா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். அக்கணக்கைச் சுழியமாக்குவதே இச்சங்கத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுப் பணியாகுக.