வலிக்காத பாதங்கள்

அக்னி நட்சத்திர வெயிலில் சிதம்பரம் நடராஜர் கோயில் பிரகாரத்தில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்குத் தெரியும், கல் எப்படிச் சுடும் என்று. சுட்டவுடன் ஓடிப்போய் நிழலில் ஒதுங்கிவிடுவோம். ஆனால் சர்க்கரை நோயால் கால் நரம்பு கெட்டுப்போனவருக்குச் சுடுவதே தெரியாது. அவர் நிதானமாகச் சுற்றிக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வருவார். மறுநாள் பார்த்தால் உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். தூக்கிய திருவடியைத் தரிசிக்கப் போய்ச் சொந்தக் காலுக்கு ஆபத்தைத் தேடிக்கொண்ட கதைதான்!

இப்படிப்பட்ட பாதத்தைக் காப்பாற்ற இன்று உலகம் முழுவதும் கையாளும் முறைகள் பல, சர்க்கரை நோய்க்காகக் கண்டுபிடிக்கப்பட்டவை அல்ல. அவை தொழுநோயாளிகளிடமிருந்து கற்ற பாடங்கள். அந்தப் பள்ளிக்கூடம் நம் வேலூர்.

மிஷனரி பெற்றோருக்கு 1914இல் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்தவர் பால் பிராண்ட். லண்டனில் அறுவை மருத்துவம் படித்துவிட்டு 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். அடுத்த ஆண்டு செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனபோது, விரல்கள் மடங்கிக் கிடந்த ஒரு நோயாளியிடம் தன் கையை அழுத்தச் சொன்னார். அந்த ஆள் அழுத்திய அழுத்தில் டாக்டருக்கே வலித்துவிட்டது. கை செத்துப்போகவில்லை, சில தசைகள் மட்டும்தான் செயலிழந்திருக்கின்றன என்று அவருக்குப் புரிந்தது அப்போதுதான். நன்றாக இயங்கும் தசையின் நாணை எடுத்து, செயலிழந்த தசை செய்த வேலைக்கு மாற்றிக் கட்டும் அறுவையை 1948இல் தொடங்கினார்.

கத்தி வேலை முடிந்தால் போதுமா? மணிக்கட்டைத் தூக்கிய தசை இனிமேல் விரலை இயக்க வேண்டும். மூளைக்கு இது தெரியாது. வாரக்கணக்கில் உட்கார்ந்து அதைச் சொல்லிக்கொடுப்பவர் பிசியோதெரபிஸ்ட். புத்தகங்களில் அறுவை மருத்துவரின் பெயர்தான் பெரிய எழுத்தில் வரும். ஆனால் அந்தக் கையைச் சாப்பிட வைத்தது, எழுத வைத்தது இயன்முறை மருத்துவம்.

வேலூரில் ஒருமுறை துருப்பிடித்த பூட்டைப் பிராண்டால் திறக்க முடியவில்லை. ஒரு சிறுவன் வந்து சாவியைத் திருப்பித் திறந்துவிட்டான். பார்த்தால் அவன் விரலிலிருந்து இரத்தம் சொட்டுகிறது, எலும்பு தெரிகிறது. அவனுக்கு ஒன்றுமே தெரியவில்லை! தொழுநோய் சதையைத் தின்கிறது என்று ஊர் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. நோய் கெடுப்பது நரம்பை. வலி இல்லாததால் சதையைக் கெடுத்துக்கொள்வது மனிதனே என்று பிராண்ட் காட்டினார். இரவில் தூங்கும்போது எலி கடித்து விரல் போனவர்கள் உண்டு என்று தெரிந்தபின், வீட்டுக்குப் போகும் நோயாளிக்கு ஒரு பூனையையும் கொடுத்தனுப்பினார்கள்.

கால் புண்ணுக்கும் காரணம் இதுதான். நமக்கு ஓரிடம் வலித்தால் நடையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்வோம். அவர்கள் ஒரே இடத்தில் மிதித்துக்கொண்டே இருப்பார்கள். அழுத்தத்தைப் பரப்பிவிட்டால் புண் ஆறும். அதற்கு வந்ததுதான் மைக்ரோசெல்லுலார் ரப்பர் வைத்த மெத்தென்ற செருப்பு. இன்று நம்மூர்க் கடைகளில் சர்க்கரை நோயாளிகள் கேட்டு வாங்கும் எம்.சி.ஆர். செருப்பு அதன் வாரிசு. இன்னொன்று, காலை ஒட்டினாற்போல் போடும் மாவுக்கட்டு. இலங்கையில் மில்ராய் பால் என்ற தமிழ் அறுவை மருத்துவர் 1930களிலேயே இம்முறையைக் கையாண்டவர்.

1966இல் பிராண்ட் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். இந்த மாவுக்கட்டும் அவரோடு போய் அங்குள்ள சர்க்கரை நோயாளிகளின் காலுக்கு ஏறியது. அதே 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறந்தது. அதை நடத்திய டாக்டர் மேரி வர்கீஸ், 1954இல் கார் விபத்தில் இரண்டு கால்களும் செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தவர். தனிக் கட்டுரையே எழுத வேண்டிய வாழ்க்கை அது.

கார்வில்லில் பிராண்ட் குழு செயற்கை வலி ஒன்றை உருவாக்கப் பார்த்தது. கையுறையிலும் காலணியிலும் அழுத்தம் அளக்கும் கருவி. அளவு மீறினால் காதில் சத்தம். நோயாளிகள் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வேலையைத் தொடர்ந்தார்கள். சரி என்று மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். ஒரு கடினமான வேலை செய்ய வேண்டியிருந்தால், முதலில் கருவியை அணைத்துவிட்டு அப்புறம் அதைச் செய்தார்கள்! செலவு செய்த பணமும் வருடங்களும் வீண்.

பல் வலி வந்தால் பல்லை அணைத்துவைக்க முடியுமா? முடியாது. அதனால்தான் வைத்தியரிடம் ஓடுகிறோம். அணைக்கக்கூடிய வலி வலியே அல்ல. மாவுக்கட்டு ஜெயித்ததும் இதனால்தான். அதை நோயாளியால் கழற்ற முடியாது. கழற்றக்கூடிய மருத்துவக் காலணியை நோயாளிகள் தங்கள் நடமாட்டத்தில் 28 விழுக்காடு மட்டுமே அணிந்திருந்தார்கள் என்று 2003இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. இன்று அழுத்தம் அளக்கும் உள்ளங்கால் தகடு, செல்பேசியில் எச்சரிக்கை என்றெல்லாம் வருகின்றன. கார்வில் கேள்வி அவற்றுக்கும் உண்டு: மணி அடித்தால் மனிதன் உட்காருவானா?

அந்த மருத்துவமனை தந்த பெரிய கொடை மிக எளிய பொருள், ஒரு நைலான் இழை. உள்ளங்காலில் வைத்து அழுத்தினால் சரியாக 10 கிராம் விசையில் வளையும். அதை உணராதவர் பாதம் காவல் இழந்த பாதம் என்று 1986இல் கார்வில் ஆய்வாளர்கள் எழுதினார்கள். பேட்டரி வேண்டாம், மின்சாரம் வேண்டாம்.

இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023இல் கணக்கிட்டது. சிதம்பரத்தில் 1985இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி இப்போது அரசு மருத்துவக் கல்லூரியாகிவிட்ட வளாகத்துக்குக் கடலூர் மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து வருகிறவர்களில் வெறுங்காலோடு வயலில் இறங்குபவர்களும் உண்டு. சேற்றில் எம்.சி.ஆர். செருப்பு நிற்காது. அவர்களுக்குப் பிசியோதெரபி மாணவர் சொல்லித்தர வேண்டியது, தினமும் இரவில் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்ப்பது. குனிய முடியாதவர் என்றால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்வது. பிராண்ட் தன் கையாலேயே பாதத்தைத் தடவிப் பார்ப்பாராம். மற்ற இடத்தைவிட ஓரிடம் சூடாக இருந்தால், அங்கேதான் அடுத்த புண் வரப்போகிறது என்று அர்த்தம்.