கூடுதலா, ஈடா? மாற்றுத்திறன் மாணவர்களின் தேர்வு நேரம் குறித்த ஒரு விதியின் மறுவாசிப்பு

எழுத்துத் தேர்வெழுதும் மாற்றுத்திறனாளிகளுக்காக ஒன்றிய அரசு 2018 ஆகஸ்ட் 29 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளில் சொல்லைப் பற்றியே பேசும் ஒரு வரி உண்டு. ‘கூடுதல் நேரம்’ என்று வழங்கி வருவதை ‘ஈடுசெய் நேரம்’ என்று மாற்ற வேண்டும், அது தேர்வின் ஒவ்வொரு மணிக்கும் 20 நிமிடத்துக்குக் குறையக் கூடாது என்பது அதன் சாரம். 2013 பிப்ரவரி நெறிமுறைகளிலும் இதே வரி இருந்தது. இதை வெறும் மரியாதைச் சொல்மாற்றமாகக் கொள்வதே துறையில் நிலைத்துவிட்ட வாசிப்பு: ‘ஊனமுற்றோர்’ போய் ‘மாற்றுத்திறனாளி’ வந்ததுபோல் பெயர்தான் மாறியது, பொருள் மாறவில்லை என்பார்கள். அந்த வாசிப்பு பிழையானது என்றே கருதுகிறேன்.

அவர்கள் பக்கம் வலுவான சான்று இருப்பதை மறுப்பதற்கில்லை. சொல்லை மாற்றச் சொன்ன அதே பத்தி, ஒரு மணிக்கும் குறைவான தேர்வுகளைப் பற்றிப் பேசும்போது மீண்டும் ‘கூடுதல் நேரம்’ என்றே எழுதுகிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவும் பழைய சொல்லையே ஆள்கிறது. ஆனால் ஒரு சொல்லை எடுத்து வைத்து ஆராயும் இடமும், பழக்கத்தால் அது வந்து விழும் இடமும் சமமான சான்றுகள் ஆகா. எழுதியவர் தம் சொல்லைத் தாமே திருத்திக்கொள்ளும் இடத்தில்தான் அவருடைய கருத்து வெளிப்படுகிறது. ‘கூடுதல்’ என்றால் மூன்று மணி நேரமே முழு அளவு. அதற்கு மேல் தருவதெல்லாம் கொடுப்பவரின் பெருந்தன்மை. ‘ஈடு’ என்றால் முன்பே ஓர் இழப்பு நேர்ந்திருக்கிறது. வினாவைப் பிறர் படிக்கக் கேட்டு, விடையை வாய்மொழியாகச் சொல்லி, எழுதியதைத் திரும்பப் படிக்கச் சொல்லிச் சரிபார்க்கும் பார்வையற்ற மாணவி அந்த மூன்று மணியில் ஒரு பகுதியை ஏற்கெனவே இழந்துவிடுகிறாள். சலுகையைக் குறைத்துக் கொடுத்தால் யாரும் கணக்குக் கேட்க முடியாது. ஈட்டைக் குறைத்தால் அது பாக்கி.

இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. 2022 முதல் 2024 வரை நீட் தேர்வு 3 மணி 20 நிமிடம் நடந்தது. ஈடுசெய் நேரமாக 1 மணி 5 நிமிடம் அறிவிக்கப்பட்டது. மணிக்கு 20 நிமிடம் என்ற கணக்கில் வரவேண்டியது 66 நிமிடம் 40 விநாடி. நேரம் ஐந்தின் மடங்காக இருக்க வேண்டும் என்றும் அந்தப் பத்தி சொல்வதால், ‘குறையக் கூடாது’ என்பதை மதித்தால் 70தான் வரும்; 65 வராது. உள்நோக்கம் எதையும் நான் கற்பிக்கவில்லை. ஒரு நிமிடம் 40 விநாடிக்கு இத்தனை வாதமா என்று கேட்கலாம். என் அக்கறை அளவைப் பற்றியதன்று, திசையைப் பற்றியது. கடனைத் திருப்பிக் கொடுப்பவர் கீழ்நோக்கி முழுமைப்படுத்துவதில்லை. தானம் கொடுப்பவர்தான் அப்படிச் செய்வார். குறைந்தபட்சமாக வகுத்த எல்லை, நடைமுறையில் உச்சவரம்பாகிவிட்டது. 2013 நெறிமுறைகளோ, எழுதுபவர் உதவியின்றித் தேர்வெழுதுவோருக்கு மூன்று மணிக்குக் குறைந்தது ஒரு மணி என்று சொல்லி, ஒவ்வொருவர் நிலையையும் பார்த்து மேலும் நீட்டலாம் என்றும் இடம் விட்டிருந்தன.

எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் குறைபாடுள்ள குடிமைப் பணித் தேர்வர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் அளித்த தீர்ப்பையும் இந்த வெளிச்சத்தில்தான் படிக்க வேண்டும். 40 விழுக்காடு குறைபாடு என்ற வரம்பு இடஒதுக்கீடு போன்றவற்றுக்கு உரியது, நியாயமான வசதியேற்பாட்டுக்கு அது நிபந்தனை ஆகாது என்றது நீதிமன்றம். பயனாளிகள் வட்டம் விரிந்தது என்பதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் ஒரு வகையினரின் தேவையைத் தாண்டி அவ்வகைக்குள் இருக்கும் தனி ஒருவரின் தேவையையும் நிறைவுசெய்ய வேண்டும் என்றும் அத்தீர்ப்பு சொல்கிறது. இழப்பை ஆளுக்கு ஆள் அளந்தாலொழிய அது நடவாது. மற்ற மாணவர்களுக்கு அநீதி என்ற மறுப்பு, இழப்பே இல்லை என்று முன்கூட்டி முடிவுசெய்துகொண்டு எழுவது. முறைகேடு நடக்கும் என்ற அச்சத்துக்குச் சான்றிதழும் கண்காணிப்பும் போதும்.

இப்படி வாசித்தால் கல்லூரிகள் தேர்வறையோடு நின்றுவிட முடியாது. சென்னை மாநிலக் கல்லூரியில் செவித்திறன் குறைந்தோருக்கென்றே பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் நடக்கின்றன. ஆனால் பொது வகுப்பில் சேரும் காது கேளாத மாணவருக்கு இழப்பு ஆண்டு முழுவதும் விரிவுரையில் நேர்கிறது. பருவ இறுதியில் ஒரு மணி நேரம் நீட்டிக் கொடுப்பது அதற்கு ஈடாகாது. சைகைமொழிபெயர்ப்பாளரும் எழுத்து வடிவப் பாடக்குறிப்பும்தான் அங்கே ஈடு. காது கேளாதோருக்குப் பொருத்தமான மொழியிலும் தொடர்பு முறையிலும் கற்பிக்க வேண்டும் என்னும் சட்டத்தின் 16ஆம் பிரிவு, தேர்வு என்ற சொல்லையே எடுக்காமல்தான் இக்கடமையைக் கல்வி நிறுவனங்கள் மீது வைத்திருக்கிறது.