உருவ ஒப்புமை உறவாகுமா?

திருநகரில் எந்த வீட்டினுள் நுழைந்தாலும் கதவுக்குச் சாவி உண்டு. காற்றுக்குச் சன்னல் உண்டு. ஏடு வைக்க மேசை உண்டு. மூன்றும் தமிழ்ச் சொற்கள் அல்ல. கடல் கடந்து வந்த போர்த்துக்கீசியர் விட்டுச் சென்றவை. அவர்தம் 'சாவே'தான் நமது சாவி. அதனை இத்தாலியர் 'கியாவே' என்பர். இசுபானியர் 'யாவே' என்பர். யாவற்றுக்கும் தாய் இலத்தீன் மொழியின் 'கிளாவிஸ்'.

இவ்வுறவு எவ்வாறு தெளிந்தது? ஓசை ஒத்ததாலா? அன்று. அழைத்தலைக் குறிக்கும் 'கிளாமாரே' என்ற இலத்தீன் சொல்லை நோக்குக. அது போர்த்துக்கீசியத்தில் 'சமார்', இத்தாலியத்தில் 'கியமாரே', இசுபானியத்தில் 'யமார்'. சாவி மாறிய முறையிலேயே இதுவும் மாறியிருக்கிறது. மாற்றத்திலும் ஓர் ஒழுங்கு! அந்த ஒழுங்கே உறவுக்குச் சான்று.

இலத்தீனில் தந்தை 'பாட்டர்', மீன் 'பிஸ்கிஸ்'. ஆங்கிலத்தில் 'ஃபாதர்', 'ஃபிஷ்'. இத்தகைய மாற்றங்களை 1822இல் விதியாக வகுத்துக் காட்டினார் செர்மானிய அறிஞர் யாக்கோபு கிரிம்.

பொருள் வேறுபட்டால் உறவு அறுந்துவிடுமா? 'கிஃப்ட்' என்றால் ஆங்கிலேயனுக்கு அன்பளிப்பு, செர்மானியனுக்கோ நஞ்சு! ஆயினும் இரண்டும் 'கொடுத்தல்' என்ற ஒரே வேரில் முளைத்தவை. அன்று நறுமணத்தையும் குறித்த நம் 'நாற்றம்' இன்று மூக்கைப் பொத்தச் செய்யவில்லையா?

ஆனால், இங்கேதான் எச்சரிக்கை தேவை. தமிழில் எட்டு, ஆங்கிலத்தில் 'எயிட்'. தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் 'ஒன்'. உடனே, "ஆங்கிலத்துக்கும் தாய் தமிழே!" என்று ஆர்ப்பரிப்போர் உண்டு. ஆய்ந்து பார்ப்போம். நமது எட்டுக்கு அடி 'எண்'. எண்பது, எண்ணூறு என்பவை சாட்சி. கன்னடத்து 'எண்டு' உடன்சாட்சி. ஆங்கில 'எயிட்' இலத்தீன் 'ஆக்டோ'வின் இனம்; வடமொழி 'அஷ்ட'வின் இனம். மதுரை நெசவாளர் வீதிகளில் சௌராட்டிரர் வழங்கும் எட்டின் பெயர்கூட அக்குடும்பத்ததே. 'ஒன்' என்பதோ பழைய ஆங்கிலத்தில் 'ஆன்'. முகம் ஒத்தது, குருதி ஒக்கவில்லை.

தமிழின் உண்மை உறவு எங்கே? பால் – ஹாலு, பல் – ஹல்லு, பத்து – ஹத்து, பூ – ஹூவு. தமிழில் சொல்முதலில் நிற்கும் பகரம் இன்றைய கன்னடத்தில் ஹகரமாகிறது. இதுவன்றோ ஒழுங்கு! இதுவன்றோ உறவு!

இம்முறைதான் நம் இனமொழிகளுக்கு விடுதலை தந்தது. தென்னக மொழிகள் யாவும் வடமொழியின் வயிற்றில் பிறந்தவை எனப் பலர் சாதித்த காலம் அது. 1816இல் சென்னைக் கலெக்டர் எல்லிஸ், தெலுங்கின் வேர்களை வடமொழி வேர்களோடு ஒப்பிட்டு, அவை வேறு என்றும், தமிழ், கன்னட வேர்களோடு இனமானவை என்றும் நிறுவினார். 1856இல் கால்டுவெல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். ஆரவாரத்தால் அல்ல, ஆய்வினால் வென்ற வழக்கு அது!

வடமொழியில் ஒலி ஒத்த சொல்லொன்றைக் காட்டி, "இதிலிருந்து வந்ததே உமது தமிழ்" என்றவனிடம் சான்று கேட்டோம். அதே சான்றை நம்மிடமும் உலகம் கேட்கும். ஒலி ஒப்புமையே போதும் என்று இன்று நாம் சொன்னால், அன்று அவன் சொன்னதும் சரியென்றாகிவிடும். எல்லிஸும் கால்டுவெல்லும் தந்த வாளை நாமே முறித்தவராவோம்.

தமிழுக்குப் பொய்ப்புகழ் தேவையில்லை. மெய்ப்புகழே மலைபோல் இருக்கிறது.