சிறுபான்மை

கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தெலுங்கரையும் கன்னடியரையும் அரசாங்கக் காகிதங்கள் ‘மொழிச் சிறுபான்மையினர்’ என்று குறிக்கும்போது, எழுதுகிற குமாஸ்தாவும் எழுதப்படுகிறவரும் அறியாமலே, தொல்காப்பிய உரையாசிரியர்களின் வீட்டுச் சொல் ஒன்று அங்கே வந்து உட்கார்ந்துவிடுகிறது. இளம்பூரணரும் சேனாவரையரும் நச்சினார்க்கினியரும், ஒரு விதிக்குள் மிகுதியான வழக்குகள் அடங்கி நிற்க, அரிதாய்ச் சில மாத்திரம் வேறு நெறியில் வரக் கண்டவிடத்து, அவற்றைச் சிறுபான்மை என்று சுட்டி, உதாரணமும் காட்டி, இலக்கணத்துக்குள்ளேயே இடம் கொடுத்தார்கள்.

பால் என்பது பகுப்பு. ஆண்பால், பெண்பால் என்பதும் அதுவே. ஊழுக்கும் பால் என்று பெயருண்டு. ஆகவே பான்மை என்ற சொல்லில் பங்கு, இயல்பு, விதி ஆகிய மூன்று அர்த்தங்களும் கலந்து கிடக்கின்றன. கன்னடத்தில் அல்பசங்க்யாத என்றும் தெலுங்கில் அல்பசங்க்யாக என்றும் வழங்கும் சொற்களோ சங்கியையை, அதாவது தலைக்கணக்கை, வெளிப்படையாகவே சொல்லிவிடுகின்றன. தமிழ்ச் சொல்லில் எண்ணிக்கை இல்லை. இருபதாம் நூற்றாண்டு அரசியலில் ‘மைனாரிட்டி’க்கு நேராக அதை நிறுத்தி, ‘இனர்’ என்ற விகுதியையும் ஒட்டிய பிறகே, வழக்கின் பெயராயிருந்தது மனிதரின் பெயராயிற்று.

விதி என்ற அர்த்தமும் இங்கே பொருந்தாமலில்லை. 1792-ஆம் வருஷத்து ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாராமகாலும், திப்பு வீழ்ந்த 1799-இல் ஓசூர்ப் பக்கத்துப் பாலகாட்டும் கம்பெனியார் கைக்கு வந்து சேலம் ஜில்லாவாயின. 1956 நவம்பர் முதல் தேதி மொழிவாரி ராஜ்யங்கள் பிரிந்தபோது, கோயமுத்தூர் ஜில்லாவின் கொள்ளேகால் மைசூருக்குப் போயிற்று. ஓசூர் சென்னை ராஜ்யத்திலேயே நின்றது. அங்கே தமிழரும் இங்கே கன்னடியரும், இருந்த திண்ணையை விட்டு எழுந்திராமலே சிறுபான்மையானார்கள். அவ்வாண்டே ஏழாவது திருத்தத்தால் அரசியல் சாசனத்தில் புகுந்த 350அ ஷரத்து, இத்தகையோரின் குழந்தைகளுக்கு ஆரம்பக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்யவேண்டும் என்றது.

ஆனால் சிறுபான்மை யார் என்பதற்குச் சாசனம் இலக்கணம் வகுக்கவில்லை. 2002-இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகள் கூடி, ராஜ்யத்தையே அளவுகோலாகக் கொள்ளவேண்டுமென்று தீர்ப்பளித்தார்கள். அதன்படி, தளி, பாகலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தெருவெல்லாம் தம் மொழியே பேசக் கேட்பவரும் சிறுபான்மையினரே. கர்நாடகத்து அத்திப்பள்ளியிலிருந்து ஓசூர் சிப்காட்டுக்கு ஷிப்டு பார்க்க வரும் கன்னடத் தொழிலாளியோ, சோதனைச் சாவடியைத் தாண்டும்போது சிறுத்து, மாலையில் பஸ் ஏறித் திரும்பும்போது பெருத்துவிடுகிறார்!

2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் தமிழை முதல் வகுப்பிலிருந்து படிப்படியாகக் கட்டாயமாக்கி, 2015-16-இல் பத்தாம் வகுப்பை எட்டியபோது, தாய்மொழியில் படித்துவந்த பிள்ளைகள் நீதிமன்றத்தின் வாசலில் நின்று தமிழ்த் தேர்விலிருந்து விலக்குப் பெற்றார்கள். 2023-இல் உச்ச நீதிமன்றம் மேலும் ஓராண்டுக்கு அவ்விலக்கை நீட்டித்தது. இந்நாட்டில் வாழ்பவர் தமிழறிந்திருப்பது அவருக்கே நலம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் விலக்கு வேறு, சிறுபான்மை வேறு. விலக்கு என்பது விதிக்கு வெளியே நிற்பவருக்கு, தவணை குறித்து, தயவாகத் தரப்படுவது. உரையாசிரியர் கூறிய சிறுபான்மைக்கோ தவணை கிடையாது.

பிற நிலங்களிலிருந்து தமிழில் வந்து வழங்கும் திசைச்சொல்லுக்கு இலக்கணம் கூறவந்த நன்னூலார், கொடுந்தமிழ் நிலங்கள் பன்னிரண்டோடு, தமிழல்லாத மொழி வழங்கும் நிலங்கள் பதினேழையும் சேர்த்துக்கொண்டார். ஓசூர் என்ற பெயரும் அப்படி வந்ததுதான். ஹொஸ என்றால் கன்னடத்தில் புதியது. ஹொஸவூரே ஹகரத்தை உதிர்த்து ஓசூராயிற்று. மாநகராட்சிப் பலகையில் தமிழெழுத்தில் நிற்கும் அந்தக் கன்னடப் பெயரிடம் இதுவரை எவரும் சான்றிதழ் கேட்டதாகத் தெரியவில்லை.