சுயநீதியும் தாழ்மையும் (மதுரை வட்டாரம்)

தன் நற்செயலாலும் ஆசாரத்தாலும் கடவுள்முன் நீதிமான் ஆகிவிட்டதாக ஒருவர் எண்ணுவதைக் கிறிஸ்தவர்கள் சுயநீதி என்பர். இரட்சிப்பைச் சம்பாதிக்க முடியாது, கிருபையாகத்தான் பெற முடியும் என்று ஒப்புக்கொள்வது தாழ்மை. லூக்கா நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் தன் நற்செயல்களைச் சொல்லிக்காட்டும் பரிசேயனும், பாவி என்று மன்றாடும் ஆயக்காரனும் ஜெபிக்கும் உவமை இதற்கு அடிப்படை. மனித முயற்சியை உயர்த்திப் பேசிய பெலாஜியுசின் போதனையை 418இல் கார்த்தேஜ் சங்கம் கண்டித்தது. இரட்சிப்பு செயலாலா கிருபையாலா என்ற கேள்வியை 16ஆம் நூற்றாண்டில் லூத்தர் மீண்டும் எழுப்பினார். கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் 1547இல் அவருக்கு மறுப்பளித்தது.

மதுரைச் சீமையில் இந்தக் கேள்வி சாதியின் உருவில் வந்தது. 1606இல் மதுரை வந்த இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நொபிலி, பிராமணச் சந்நியாசியின் கோலம் பூண்டு, மனம் மாறியவர்கள் பூணூலும் குடுமியும் வைத்துக்கொள்ள இடம் தந்தார். எதிர்ப்பு ரோம்வரை போனது. திருத்தந்தை 15ஆம் கிரகோரி 1623இல் அவற்றை நிபந்தனைகளோடு அனுமதித்தார். கூடவே, உயர்குலத்தார் செருக்கை விட்டு, கோயிலில் எளியவர்களை ஒதுக்காதிருக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். அனுமதி நடைமுறைக்கு வந்தது. வேண்டுகோள் ஏட்டோடு நின்றது.

1834இல் மதுரையில் தொடங்கிய அமெரிக்க மிஷன், உள்ளூர் ஊழியர்களைப் பயிற்றுவிக்க 1842இல் திருமங்கலத்தில் ஒரு செமினரி திறந்தது. 1845இல் பசுமலைக்கு மாறிய அதுவே பின்னாளில் அமெரிக்கன் கல்லூரிக்கு வித்தானது. சாதி என்பது உலக வழக்கம், விசுவாசத்துக்கு அதில் பங்கில்லை என்று தஞ்சைக் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் முன்பே வாதிட்டிருந்தார். மதுரை மிஷனோ அதைச் சுயநீதியின் உள்ளூர் வடிவமாகவே பார்த்தது. 1847இல் சாதியைக் கைவிடாதவர்களுக்குச் சபையிலும் ஊழியத்திலும் இடமில்லை என முடிவுசெய்தது. தாழ்த்தப்பட்டவர் சமைத்ததை எல்லோரோடும் அமர்ந்து உண்பதே சோதனை. அந்தச் சமபந்திக்கு அன்பின் விருந்து என்று பெயர். உட்கார மறுத்த உபதேசியார்கள் பலர் வேலை இழந்தனர்.

மிஷனரிகள் சாதியைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் செயலால் இரட்சிப்பு இல்லை என்று போதித்தவர்களே ஒரு வேளைச் சாப்பாட்டைத் தாழ்மைக்கு அத்தாட்சியாக்கினார்கள். பந்தியில் உட்கார்ந்தவர் பரிசேயனைப் போலத் தன்னை நீதிமானாக எண்ணிக்கொள்ளவும் அது வழிவிட்டது.

நீதிமானாக்கப்படுதல் குறித்துக் கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் 1999இல் ஆக்ஸ்பர்க்கில் பொது அறிக்கையில் கையெழுத்திட்டனர். ஆனால் சாதியின் உருவில் வந்த கேள்வி தீரவில்லை: தமிழ்நாட்டின் சில ஊர்களில் தலித் கிறிஸ்தவர்களுக்குக் கல்லறை இன்னும் தனியாகவே இருக்கிறது.